டல்லிச் கல்லூரியின் இளநிலைப் பள்ளி: பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கு

நல்லூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்கிழக்கு லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றில் நெடுங்காலமாகப் பாடம் சொல்லி வருகிறேன். ஆண்டுதோறும் செப்டெம்பர் பிறந்ததும், ஆறு வயதுப் பிள்ளையின் தாயோ தந்தையோ வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, டல்லிச் கல்லூரியின் இளநிலைப் பள்ளி எப்படிப்பட்டது, அதில் சேர்க்க முயலலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று அரைகுறையாக மறுமொழி சொல்வதைவிட, தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் பயன்படும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்தப் பள்ளியோடு எனக்குத் தொழில் உறவு எதுவும் இல்லை.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பவர்கள் டல்விச் என்பார்கள். ஊரில் டல்லிச் என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கல்லூரி என்றவுடன் பட்டப்படிப்பு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கு அந்தக் குழப்பம் இல்லை, நமக்குப் பரி. யோவான் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் பள்ளிக்கூடங்கள்தாம். டல்லிச் கல்லூரியும் அப்படியே. அதன் இளநிலைப் பள்ளியில் ஆண்டு 3 முதல் ஆண்டு 6 வரை, அதாவது ஏழு வயதிலிருந்து பதினொரு வயது வரையிலான பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இதைத் தோற்றுவித்தவர் ஒரு நாடக நடிகர் என்பது பலருக்குத் தெரியாது. எட்வர்ட் அலெய்ன், சேக்சுபியரின் காலத்தவர். நாடகாசிரியர் மார்லோவின் ஃபாஸ்டஸ், டாம்பர்லேன் முதலிய பாத்திரங்களை மேடையில் ஏற்றுப் புகழ்பெற்றவர். நாடகத்திலும் நாடக அரங்கத் தொழிலிலும் சேர்த்த பணத்தைக் கொண்டு 1605-இல் டல்லிச் நிலத்தை வாங்கத் தொடங்கினார். பிள்ளைப்பேறு இல்லாத அவர், அந்த நிலத்தின் வருமானத்தை அறத்துக்கு எழுதி வைக்க விரும்பி, முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் சாசனம் பெற்று, 1619 ஜூன் 21-இல் ‘இறைவனின் கொடைக் கல்லூரி’ என்ற பெயரில் அதை நிறுவினார். ஆறு முதியவர்களும் ஆறு மூதாட்டியரும் அங்கே தங்கி வாழ வேண்டும், பன்னிரண்டு ஏழைப் பிள்ளைகள் உண்டு உறைந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பன்னிருவரும் லண்டனைச் சார்ந்த நான்கு தேவாலயப் பங்குகளிலிருந்து, அதாவது வட்டாரங்களிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் எழுதி வைத்தார். அவர் பிறந்த பிஷப்ஸ்கேட் பகுதியும், அவரது நாடகத் தொழில் நடந்த சதர்க் பகுதியும் அந்த நான்கில் அடங்கும்.

நான் இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பள்ளிகளின் அறிமுகக் கூட்டங்களில் நிறுவிய ஆண்டும், புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பெயர்களும், செங்கல் கோபுரமும் நம் கண்ணை நிறைத்துவிடுகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவற்றால் நேரடியாக எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் பழமை இன்று எந்த வடிவில் உயிரோடு இருக்கிறது, நிலமாகவா, நூலகமாகவா, பிறருக்கும் இடம் கொடுக்கும் பழக்கமாகவா என்று பார்த்தால்தான் வரலாறு பெற்றோருக்குப் பயன்படும்.

டல்லிச்சில் நிலம் கண்முன்னே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதைகள் இந்த நிலத்தின் ஊடாக வந்தபோது கிடைத்த இழப்பீட்டுத் தொகை, இப்போதுள்ள பெரிய கட்டிடங்களை எழுப்பப் பெரிதும் உதவியது. அவற்றை வடிவமைத்தவர் இளைய சார்ல்ஸ் பாரி. நாடாளுமன்றக் கட்டிடத்தை வடிவமைத்த பாரியின் மகன். 1870-இல் வேல்ஸ் இளவரசர் அவற்றைத் திறந்து வைத்தார்; மறு ஆண்டே ஓவியர் பிசாரோ அந்தக் காட்சியைத் தீட்டினார். இளநிலைப் பள்ளியும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. சிறுவர்கள் தங்கள் வகுப்புகளில் தனியாகப் படித்தாலும், பெரிய பள்ளியின் மைதானங்களும் அரங்குகளும் அவர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. லண்டன் நகருக்குள் இத்தனை திறந்த வெளியோடு ஓர் எட்டு வயதுப் பிள்ளை வளர்வது சிறிய பேறு அன்று என்பது என் எண்ணம்.

கேள்விகள் இருப்பின் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நாங்கள் மதுரையிலிருந்து வந்து மேற்கு நோர்வுட்டில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. மகன் இப்போது வீட்டுக்கு அருகிலுள்ள அரசு தொடக்கப் பள்ளியில் மகிழ்ச்சியாகப் படிக்கிறான். அவனை ஏழு வயதில் எடுத்து இன்னொரு பள்ளியில் சேர்ப்பதா, பதினொரு வயது வரை பொறுத்திருப்பதா என்பதில் எனக்கும் என் கணவருக்கும் ஒத்த கருத்து இல்லை. மேலும், டல்லிச் என்ற பெயரில் இரண்டு மூன்று பள்ளிகள் இருப்பதுபோல் தெரிகிறது. மகளுக்கு எது பொருந்தும் என்றும் சொல்லுங்கள்.

நல்லூரான் எழுதியது:

வணக்கம் அம்மா. பெயர்க்குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. அலெய்னின் அறக்கட்டளையிலிருந்து பிறந்த கட்டணப் பள்ளிகள் மூன்று. ஒன்று, ஆண் பிள்ளைகளுக்காகத் தோன்றிய டல்லிச் கல்லூரி. இரண்டாவது, அலெய்ன்ஸ் பள்ளி. 1857-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்மூலம் பழைய அமைப்பு கலைக்கப்பட்டு மேல்பள்ளி, கீழ்ப்பள்ளி என்று பிரிக்கப்பட்டபோது உண்டான கீழ்ப்பள்ளிதான் 1882-இல் தனிப் பள்ளியாயிற்று. இன்று அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறார்கள், அதற்கும் தனி இளநிலைப் பள்ளி உண்டு. மூன்றாவது, ஜேம்ஸ் ஆலன் பெண்கள் பள்ளி. கல்லூரியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆலன் 1741-இல் செய்த கொடையிலிருந்து வளர்ந்தது. உங்கள் மகளுக்குப் பின்னிரண்டையும் பாருங்கள். நான்கு வயதிலேயே நுழைவு உண்டு என்பதால் உங்களுக்கு அவகாசம் குறைவு.

தலைவரின் பெயரும் ஆலன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அலெய்ன் என்பதும் ஆலன் என்பதும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். கல்லூரியின் தலைவர் நிறுவனரின் குடும்பப் பெயரையே உடையவராக இருக்க வேண்டும் என்று அலெய்ன் விதித்திருந்தார். அந்த விதி 1857 வரை நீடித்தது.

டல்லிச் பிரெப் என்பது வேறு. அது 1885-இல் தொடங்கிய தனிப் பள்ளி, கல்லூரியின் பகுதி அன்று. கல்லூரிக்கென்று சிறு குழந்தைகளுக்கான பிரிவும் இருக்கிறது. அதில் ஏழு வயது வரை ஆணும் பெண்ணும் படிக்கலாம். சிங்கப்பூரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே 2014-இல் திறக்கப்பட்ட டல்லிச் கல்லூரி பெயரையும் மரபையும் பகிர்ந்துகொள்கிறது, ஆயினும் அதை நடத்துவது வேறு நிறுவனம்.

ஏழா, பதினொன்றா என்ற கேள்விக்கு என் கருத்தைவிட, அந்த வழியில் நடந்தவர்களின் சொல் மேலானது. யாராவது எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

கணக்கேடு எழுதியது:

நான் கணக்காளர் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம்மவர்கள் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், பிறகு நடுவழியில் திணறுகிறார்கள்.

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்படுகிறது. பள்ளி தன் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டாலொழிய, முன்பு 1,000 பவுணாக இருந்தது 1,200 பவுணாகும். அதே ஆண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் அறநிறுவனமாகப் பதிவான தனியார் பள்ளிகள் வணிகக் கட்டிட வரியில் பெற்று வந்த சலுகையும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள் சொல்லும் தொகையை வைத்துத் திட்டமிட வேண்டாம்.

ஏழு வயதில் சேர்த்துப் பதினெட்டு வரை படிக்க வைத்தால் 11 ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று பள்ளித் தவணையாக (பருவமாக) 33 தவணைகள். ஒரு தவணைக் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆண்டுதோறும் கட்டணம் உயரும் என்று கொண்டு 33 தவணைக்கும் கணக்கிடுங்கள். சீருடை, பேருந்து, தனி இசைப்பாடம், பயணங்கள் ஆகியவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். இரண்டாவது பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்த பின்புதான் முதல் பிள்ளைக்குக் கையெழுத்திட வேண்டும். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு இல்லையென்று சொல்லும் நிலை எந்த வீட்டுக்கும் நல்லதன்று. ஒப்பந்தத்தில் விலகல் அறிவிப்பைப் பற்றிய பகுதியையும் தவறாமல் படியுங்கள். இந்நாட்டின் தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு முழுத் தவணைக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் பிள்ளை வராத தவணைக்கும் கட்டணம் கட்ட நேரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் நிதியுதவி, பல பள்ளிகளில் பதினொரு வயது நுழைவிலிருந்துதான் பெருமளவில் கிடைக்கிறது. இளநிலைப் பள்ளிக் காலத்துக்குப் பெற்றோர் தாமே கட்ட வேண்டியிருக்கும். நடுத்தர வருமானம் உள்ள குடும்பத்துக்கு, ஏழு வயதில் மூடியிருக்கும் கதவு பதினொரு வயதில் திறந்திருக்கலாம்.

மரபுச்சுவடி எழுதியது:

கணக்கேடு ஐயா எழுதிய கடைசிப் பகுதியைப் படித்தபோது, நல்லூரான் ஐயா குறிப்பிட்ட அந்தப் பன்னிரண்டு ஏழைப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். நான் வரலாறு கற்பிப்பவள். அந்தப் பன்னிருவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

அலெய்ன் கேட்ட சாசனம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1618-இல் நீதித்துறைத் தலைவராயிருந்த பிரான்சிஸ் பேக்கன் அதை நிறுத்தி வைத்தார். அந்த நடிகர் தம் வாழ்வின் கடைசி அங்கத்தை நன்றாக நடிக்கிறார் என்று பாராட்டிவிட்டு, இப்படி நிலங்கள் அறத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் மன்னரின் வருவாய் குன்றும் என்றும், முதியோர் இல்லங்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதால் பல்கலைக்கழகங்களில் விரிவுரைகள் ஏற்படுத்துவதே மேல் என்றும் கடிதம் எழுதினார். அலெய்ன் தளரவில்லை. தம் கொடை ஏழைச் சிறுவருக்கும் முதியவருக்கும் போக வேண்டும் என்பதில் உறுதியாக நின்று, மறு ஆண்டு சாசனத்தைப் பெற்றார்.

அந்த நோக்கம் நானூறு ஆண்டுகளும் ஒரே சீராகப் பேணப்பட்டது என்று சொல்ல முடியாது. நீண்ட காலம் நிலத்தின் வருமானம் பெருகியும் படித்தவர்கள் சிலரே. 1857-இல் நாடாளுமன்றம் தலையிட நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் கல்லூரியின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் காலம் வந்தது. கிறிஸ்டோபர் கில்க்ஸ் தலைவராயிருந்தபோது, திறமையால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்களைக் கல்லூரி சேர்த்துக்கொள்ள, உள்ளாட்சி மன்றங்கள் அவர்களுடைய கட்டணத்தைச் செலுத்தின. ‘டல்லிச் பரிசோதனை’ என்று அதற்குப் பெயர். ஒரு கட்டத்தில் மாணவர்களில் பெரும்பான்மையோர் இப்படி வந்தவர்களே. கடைநிலை ஊழியரின் மகனும் மருத்துவரின் மகனும் ஒரே வகுப்பில் அமர்ந்தார்கள். எழுபதுகளில் அரசியல் மாறி அந்த வழி அடைபட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் அரசு நாடு முழுவதற்கும் கொண்டுவந்த கட்டண உதவித் திட்டமும் 1997-இல் நிறுத்தப்பட்டது. இன்று பள்ளிகள் தம் சொந்த நிதியையும் பழைய மாணவர்களின் கொடையையும் கொண்டே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆதலால் பழமையான எந்தப் பள்ளிக்குச் சென்றாலும், முழுக் கட்டண உதவியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். உதவி தேவைப்படாத பெற்றோரும் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளை யாரோடு சேர்ந்து வளரப் போகிறான் என்பதை அந்த எண் சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழமை என்றால் தனியார் பள்ளி என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. 1615-இல் கேம்பர்வெல்லில் தொடங்கி, 1975-இல் வாலிங்டனுக்கு இடம் மாறிய வில்சன்ஸ் பள்ளி, டல்லிச் கல்லூரிக்கு நான்கு ஆண்டு மூத்தது. அது கட்டணமில்லாத அரசு இலக்கணப் பள்ளி, அதாவது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி. அங்கே நம் தமிழ்ப் பிள்ளைகள் படித்து வருகிறார்கள்.

மாலைநேரம் எழுதியது:

ஏழு வயதுத் தேர்வைப் பற்றி அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் முயன்றது டல்லிச் அன்று, வேறொரு பள்ளி; பெயர் வேண்டாம்.

ஆண்டு 3-இல் செப்டெம்பரில் சேர வேண்டிய பிள்ளைக்கு, லண்டனில் இந்தத் தேர்வு பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நடக்கிறது. அப்போது பிள்ளை ஆண்டு 2-இல் பாதிதான் கடந்திருக்கும். வாசித்துப் பொருள் உணர்தல், சிறு கட்டுரை, கணக்கு, தர்க்க வினாக்கள் என்று எழுத்துப் பகுதி இருக்கும். பிறகு சிலரை மீண்டும் அழைத்து, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதேனும் செய்யச் சொல்லி ஆசிரியர்கள் கவனிப்பார்கள். எங்கள் மகன் பிறந்தது ஆகஸ்டில். செப்டெம்பரில் பிறந்த பிள்ளையும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே தேர்வு. இடையில் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு வளர்ச்சி. ஆறரை வயதுக்கு அந்த இடைவெளி மிகப் பெரியது. சில பள்ளிகள் மதிப்பெண்ணைப் பிறந்த மாதத்துக்கு ஏற்பச் சீர்செய்கின்றன. நாங்கள் அதைக் கேட்கத் தவறிவிட்டோம்.

அதைவிட வருத்தம் வேறு. ஒன்றரை ஆண்டு, வாரத்தில் மூன்று மாலை, ரியூசனுக்கு அனுப்பினோம். அவன் எழுத்தில் தேறினான். இரண்டாம் சுற்றில் ஆசிரியர் என்ன கேட்டாலும் மனப்பாடம் செய்த விடையைச் சொன்னான் என்பது பின்னர் அவன் பேச்சிலிருந்தே எங்களுக்கு விளங்கியது. இடம் கிடைக்கவில்லை. அதை விடுங்கள், கதைப் புத்தகம் என்றால் ஓடிவந்து மடியில் அமர்ந்த பிள்ளை, அடுத்த ஓராண்டு புத்தகத்தைத் தொட மறுத்தான். அந்த ஓராண்டு எனக்கு இன்றும் உறுத்துகிறது. இப்போது ஆண்டு 6-இல் தானாகவே வாசிக்கிறான், நலமாக இருக்கிறான்.

வைகைக்கரை அக்கா, உங்கள் மகன் இப்போதைய பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று எழுதினீர்கள். அந்த ஒன்றை முதலில் எடை போடுங்கள். முயல்வதென்றால், இரவில் பதினைந்து நிமிடம் சேர்ந்து வாசிப்பது, வாசித்ததைப் பற்றிப் பேசுவது, கடையில் மீதிக் காசை எண்ணச் சொல்வது, தேர்வின் அமைப்பு தெரிவதற்குச் சில பயிற்சித் தாள்கள் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். அதற்குமேல் தேவைப்படும் இடம் அந்த வயதுப் பிள்ளைக்குரிய இடமன்று.

வைகைக்கரை எழுதியது:

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி தம்பி. உங்கள் பதிவை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் இருவரும் பேசினோம்.

பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் அடுத்த திறந்த நாளுக்குச் செல்வது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம். அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? பள்ளியைச் சோதித்தவர்கள் எழுதிய சோதனை அறிக்கையைப் படித்தேன். அதில் மிகச் சிறப்பு, நன்று என்பன போன்ற தரச்சொல்லைக் காணோம்.

நல்லூரான் எழுதியது:

தனியார் பள்ளிகளைச் சோதிக்கும் அமைப்பு 2023 செப்டெம்பர் முதல் அத்தகைய தரச்சொற்களைக் கைவிட்டுவிட்டது. சட்டம் விதித்த தரநிலைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்பதை மட்டுமே இப்போது அறிவிக்கிறார்கள். ஆகையால் அறிக்கையின் உட்பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். குறிப்பாகப் பிள்ளைகளின் நலனைப் பற்றிய பகுதியையும், மேலும் செய்ய வேண்டியவை என்று பரிந்துரைக்கும் வரிகளையும்.

தனியார் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆண்டு 6-இன் அரசுத் தேர்வையும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் அறிவியல் செய்கிறான், இசையையும் பிறமொழியையும் அதற்கென்றே பயின்ற ஆசிரியர் கற்பிக்கிறாரா, வீட்டுப்பாடம் எவ்வளவு, வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு யார் துணை நிற்கிறார், இளநிலையிலிருந்து ஆண்டு 7-க்குச் செல்ல என்ன நிபந்தனை, செல்ல இயலாத பிள்ளைக்கு எப்போது சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்கு நேரான மறுமொழி கிடைக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.

பார்க்க வேண்டியது: மாணவர்கள் உங்களைச் சுற்றிக் காட்டும்போது, அவர்கள் பேச்சைவிட, வழியில் எதிர்ப்படும் ஆசிரியர் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா என்று கவனியுங்கள். நூலகத்தில் புத்தகங்கள் கை பட்டு மடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

டல்லிச் கல்லூரியின் அறிவியல் கட்டிடத்தில் ஒரு படகு இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் மகனை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தக் கல்லூரியில் படித்து, பதினாறு வயதில் கடலுக்குப் போன தென்துருவ ஆய்வுப் பயணி எர்னஸ்ட் சாக்கிள்டன், 1916 ஏப்ரலில் தென்துருவக் கடலில் ஆறு பேராகச் சென்ற படகு அதுதான். கப்பல் பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கிய பின், யானைத் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, உதவி தேடி ஏறத்தாழ 800 கடல்மைல் தொலைவு, உலகின் மிகக் கொந்தளிப்பான கடலில் பதினாறு நாள் சென்றார்கள். படகின் நீளம் 7 மீட்டர்கூட இல்லை. ஆகஸ்டு 30-இல் அந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பழமையான பள்ளி ஒன்றில் வரலாறு எப்படிப் பயன்பட வேண்டும் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அதற்கு இந்தப் படகைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை அதைச் சுற்றி நடந்து, ஆறு பேர் எங்கே படுத்திருப்பார்கள் என்று கேட்டால் போதும். புவியியலும் கணக்கும் அங்கேயே தொடங்கிவிடும்.

அன்று நேரம் மிஞ்சினால் டல்லிச் கிராமத்துப் பக்கம் நடந்து ஓவியக் காட்சியகத்தையும் பாருங்கள். ஜான் சோன் வடிவமைத்து, 1817-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதை அடுத்துள்ள தேவாலயத்தில்தான் அலெய்ன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பள்ளியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவை உங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கின்றன.

ஒன்றை மறந்துவிட்டேன். இத்தகைய பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகள் சனிக்கிழமையில் வருவதுண்டு. நம் தமிழ் வகுப்பும் சனிக்கிழமைதான். எத்தனையோ பிள்ளைகள் ஆண்டு 4-இல் தமிழை விட்டது இதனால்தான். எத்தனை சனிக்கிழமைகள் என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன் ஐயா. உங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டா? டல்லிச்சில் இடம் கிடைத்தாலும் இல்லாவிட்டாலும், இரு பிள்ளைகளையும் இந்த மாதமே சேர்த்துவிடலாம் என்றிருக்கிறோம்.

நல்லூரான் எழுதியது:

உண்டு அம்மா. காலை பத்து மணிக்கு. இருவரையும் அழைத்து வாருங்கள்.